இசக்கியம்மாள் ‘உண்டு’ என்றுதான் பதிந்தாள்

இதை எழுத உட்கார்ந்துவிட்டு எழுந்துபோனது எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. முதலில் வேலை போய்விடுமோ என்று பயம். பிறகு ஓய்வு பெற்றதும் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளினேன். ஓய்வு பெற்றபின் சபையில் என்ன நினைப்பார்கள் என்று கூச்சம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது நானும் வாய்விட்டுச் சொல்லுவேன். அத்தனை பேரோடு சேர்ந்து சொல்லும்போது யாருடைய பாவம் எது என்று பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. அந்தச் சவுகரியத்தில் பல வருடங்களை ஓட்டிவிட்டேன்.

நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது பொறுப்பில் இருக்கிறவள் பெனிட்டா. சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தாள்.

“அங்கிள், புதுசா வந்திருக்க பிள்ளைகளுக்கு அனோட்டேஷன் எழுதவே தெரியல. கேட்டா மெஷினே எழுதிக் குடுத்துருதுங்காங்க. எது எங்க போய் விழுதுன்னு ஒருத்தரும் பாக்க மாட்டேங்காங்க. நீங்க பழைய ஆளு. ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்.”

“ரெண்டு பக்கத்துல அடங்காதும்மா” என்றேன். நான் பெருமைக்குச் சொல்லுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

நான் பெரிய படிப்புக்காரன் இல்லை. பாளையங்கோட்டையில் பத்தாவது முடித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு பாஸ் செய்து, ஒரு டைப்ரைட்டிங் நிலையத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வந்து அந்த நிலையத்தை மூடவைத்தது. சபையார் நடத்திய மையத்தில் ஒரு டிப்ளமோ படித்தேன். வண்ணார்பேட்டையில், பஸ் சத்தம் ஓயாத ஒரு மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் விவரம் ஏற்றுகிறவனாகச் சேர்ந்தேன். மாவட்டத்துச் சிறிய ஆஸ்பத்திரிகளுக்குப் புரோகிராம் எழுதித் தருகிற கம்பெனி அது. ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியை என் கையில் பிடித்து வைத்தவர் அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த சங்கரநாராயணன் சார்.

சார் ஆற்றங்கரை ஊர்க்காரர், கல்லூரியில் கணக்கு படித்தவர். நெற்றியில் திருநீறு காய்வதற்குள் ஆபீசில் இருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அப்போதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கும்.

வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் குற்றம் புரியாது. ஒரு ஆளின் விவரங்களை ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப எக்ஸ்எம்எல் என்று ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு விவரத்துக்கும் பெயர் எழுதிய ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் பெட்டியும் வைக்கலாம். நோயாளி என்று ஒரு பெரிய பெட்டி, அதற்குள் பெயர், வயது, ஊர் என்று சின்னப் பெட்டிகள். வாங்குகிற பக்கத்தில், எங்கள் புரோகிராமில், அதே விவரங்களுக்கு இடங்கள் ஒதுக்கியிருப்போம். எந்தப் பெட்டியில் இருப்பதை எடுத்து எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு இடத்துக்கு மேலும் ஒரு வரி எழுதுவோம். அதுதான் அனோட்டேஷன். ஆபீசில் நாங்கள் அதைச் சீட்டு என்போம்.

சீட்டுக்கு ஒரு குணம். தான் தேடும் பெட்டி கிடைக்காவிட்டால் அது சத்தம் போடாது. தெரியாத பெட்டி ஒன்று வந்தாலும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். கட்டாயம் என்று சீட்டிலேயே எழுதலாம், ஆனால் வருகிற கோப்பைச் சோதித்து உள்ளே விடும் வேலையைத் தனியாகத் தொடங்கிவைக்காவிட்டால் அந்தக் கட்டாயம் வெறும் எழுத்துத்தான்.

சேர்ந்த புதிதில் சார் என்னைக் கேட்டார்.

“வே ஜெபராஜ், ஒருத்தன் இல்லைன்னு சொல்லுததும், ஒண்ணுமே சொல்லாம இருக்கதும் ஒண்ணா?”

“இல்ல சார்.”

“நீரு இங்க வச்சிருக்க இடத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான் வே. பாரும்.”

உண்டு, இல்லை என்ற இரண்டு மட்டுமே தெரிந்த இடம் ஒரு வகை. காலியாக நிற்கவும் தெரிந்த இடம் இன்னொரு வகை. நான் முதல் வகையை வைத்திருந்தேன். அதில் எதுவும் வந்து சேராவிட்டால் தானாக ‘இல்லை’ என்று ஆகிவிடும். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரி.

அதனால் சார் ஒரு முறை வைத்திருந்தார். அனுப்புகிற பக்கத்துக்காரர்கள் தந்த மாதிரிக் கோப்பை அச்செடுத்து இடது பக்கம் வைக்கவேண்டும். எங்கள் சீட்டுகளை அச்செடுத்து வலது பக்கம். சிவப்புப் பென்சிலால் பெட்டியில் ஒரு டிக், சீட்டில் ஒரு டிக், இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. கோடு சேராமல் எது மிஞ்சினாலும் அதை வாய்விட்டு வாசிக்கவேண்டும். எல்லாம் முடிந்தபின் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு அவர் ஃபைலில் வைக்கவேண்டும். பென்சிலை அவரே பிளேடால் சீவித் தருவார்.

“சார், இது ஆறாங்கிளாஸ்ல வார பொருத்துக மாதிரில்லா இருக்கு” என்று ஒருநாள் சொன்னேன்.

“பொருத்துகதான் வே. நெறையப் பேரு மார்க்க விட்டது அதுலதான்.”

களக்காட்டுப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரி எங்கள் புரோகிராமை வாங்கியிருந்தது. வரவேற்பு மேஜைத் திரை வேறொரு கம்பெனி செய்தது. அந்த மேஜையில் இருந்தவள் இசக்கியம்மாள். நோயாளி சொல்லச் சொல்ல அவள் பதிவாள். அது எக்ஸ்எம்எல் கோப்பாக எங்களிடம் வரும். எங்கள் புரோகிராம் அதைப் படித்து டாக்டருக்கு ஒரு தாள் அச்சடிக்கும். அதில் ‘மருந்து ஒவ்வாமை’ என்று ஒரு வரி, எதிரே உண்டு அல்லது இல்லை.

பழக்கிக் கொடுக்க நான் போயிருந்தபோது அவள்தான் கேட்டாள். “அண்ணாச்சி, வெறுமன உண்டுன்னு போட்டா டாக்டர் எந்த மருந்துன்னு என்னையக் கூப்புட்டுக் கேக்காரு. மருந்துப் பேரையும் எழுத ஒரு இடம் தரக்கூடாதா? ஒரு நாளைக்குப் பத்து வாட்டி ஓட வேண்டியிருக்கு.”

“ஓடுனா உடம்புக்கு நல்லதுதானே” என்றேன்.

“அப்ப அண்ணாச்சிய மேஜையில உக்கார வச்சிட்டு நான் ஏசியில உக்காருதேன்” என்றாள்.

அவள் கேட்டது சரியான காரியம். திரை செய்த கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொண்டு மாற்றினார்கள். மாற்றிய மாதிரிக் கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பி, ‘மருந்துப் பெயர் சேர்க்கப்பட்டுள்ளது’ என்று எழுதியிருந்தார்கள்.

அது வந்த நாள் எங்கள் ஊர் ஆலயத்தில் அசனம். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். அசனம் என்றால் ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகைச் சாப்பாடு. எங்கள் ஊர் முக்கூடல் போகிற வழியில். அந்த வருடம் பந்தி விசாரிப்பு என் பொறுப்பு. எனக்கு அதில் பெருமை இருந்தது, மறைக்கவில்லை. மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் இலை விழுவதற்குள் போய்ச் சேரமுடியும்.

மின்னஞ்சலின் ஒரு வரியை வாசித்தேன். இணைத்திருந்த கோப்பைத் திறக்கவில்லை. பழைய பெட்டி பழைய இடத்திலேயே இருக்கும், பக்கத்தில் மருந்துப் பெயருக்குப் புதுப் பெட்டி ஒன்று வந்திருக்கும் என்று நானாக எண்ணிக்கொண்டு, புதிதாக ஒரு சீட்டு எழுதினேன். சோதிக்க ஒரு கோப்பு வேண்டுமே. பழைய கோப்பில் நானே ஒரு வரி சேர்த்து ஓட்டினேன். நான் எண்ணியபடி நான் எழுதிய கோப்பு, நான் எழுதிய சீட்டுக்குப் பொருந்தாமல் என்ன செய்யும்? பொருந்தியது.

பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, இரண்டு தாளிலும் மேலிருந்து கீழே டிக் போட்டுக்கொண்டே வந்தேன். எதையும் பார்க்கவில்லை. கைதான் போனது. இடது பக்கம் நான் வைத்திருந்தது பழைய மாதிரிக் கோப்பு. அடியில் கையெழுத்துப் போட்டேன். கர்த்தருடைய காரியத்துக்குத்தானே போகிறேன், அவர் பார்த்துக்கொள்வார் என்று மனதுக்குள் சொன்னதும் நினைவிருக்கிறது. அன்று பந்தியில் ஒரு இலைக்குக்கூடக் குறை வைக்காமல் விசாரித்தேன் என்று ஐயர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். ஐயர் என்றால் எங்கள் ஊரில் போதகர்.

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரி மேனேஜரிடமிருந்து போன். காலில் புண்ணோடு வந்த ஒரு வாழைத்தோட்டக்காரருக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். போட்ட சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு அடைத்துவிட்டது. அவருக்கு ஆகாத மருந்து. டாக்டர் பக்கத்திலேயே இருந்ததால் உயிர் தப்பியது, திருநெல்வேலிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். டாக்டரின் தாளில் ‘இல்லை’ என்று இருந்தது. தோட்டக்காரர் மனைவியோ, மேஜையில் இருந்த பிள்ளையிடம் மருந்தின் பெயரோடு சொன்னேன் என்கிறாள்.

சார் என் முன்னாலேயே ஃபைலை எடுத்து அந்தத் தாளைப் பார்த்தார்.

“பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீரு?”

“ஆமா சார்.”

அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனில், “எங்க ஜெபராஜ் டிக் அடிச்சிருந்தா அதுல மறுபேச்சு கெடையாது. எதுக்கும் அவரையே அனுப்புதேன்” என்றார்.

களக்காட்டுக்கு பஸ்ஸில் போகும்போது என்னைப்போல் ஜெபித்தவன் இருக்கமாட்டான். தப்பு என்னுடையதாக இருக்கக்கூடாது என்பதுதான் ஜெபம். அந்தப் பெரியவர் பிழைக்கவேண்டும் என்று கேட்க நாங்குநேரி தாண்டியபிறகுதான் நினைவு வந்தது.

மேனேஜர் அறையில் என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார்கள். திரை என் பக்கம் மட்டும் தெரிந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு இசக்கியம்மாள் நின்றாள். அந்த நோயாளியின் கோப்பைத் திறந்தேன்.

ஒவ்வாமை என்று ஒரு புதுப் பெட்டி. அதற்குள்ளே பதில் என்ற பெட்டி, அதில் உண்டு. அதற்குக் கீழே மருந்து, அதில் மருந்தின் பெயர், ஒரு எழுத்துப் பிசகாமல். முன்பு வெளியே இருந்த பதிலை மருந்துப் பெயரோடு சேர்த்து ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என் சீட்டு வெளியே தேடிவிட்டு, ஒன்றும் காணாமல் பேசாமல் திரும்பியிருக்கிறது. இரண்டு மட்டும் தெரிந்த அந்த இடம் ‘இல்லை’ என்று ஆகிவிட்டது. காலியாக நிற்கத் தெரிந்த இடமாக அதை மாற்றும்படி சார் சொல்லி வருடங்கள் ஆகியிருந்தன. அதையும் நான் செய்யவில்லை.

“என்ன வே, உங்க புரோகிராம்ல ஏதும் கோளாறா?” என்று மேனேஜர் கேட்டார்.

“புரோகிராமுக்கு என்ன வந்து சேருதோ அதத்தான் சார் அது அடிக்கும்.”

பொய் என்று யாரும் இதைப் பிடிக்கமுடியாது. எப்படிச் சொன்னால் மாட்டமாட்டோம் என்று என் வாய்க்குத் தெரிந்திருந்தது.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். “கேட்டியா? கம்ப்யூட்டருக்கு உன் மேல என்ன கோவமா, அது பாட்டுக்கு இல்லைன்னு அடிக்கதுக்கு?”

“நான் போட்டேன் சார். அந்த அக்கா சொல்லச் சொல்லப் போட்டேன். மருந்துப் பேர ரெண்டு தடவ கேட்டுல்லா போட்டேன்.” பிறகு என்னைப் பார்த்தாள். “அண்ணாச்சி, நீங்க உள்ள பாத்தியல்லா. உண்டுன்னுதானே இருக்கு?”

அவள் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அது என் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

“தெளிவா ஒண்ணும் தெரியலம்மா” என்றேன். கோப்பை மூடினேன்.

தாளில் போட்ட கையெழுத்து ஒன்று, சாரிடம் சொன்னது இரண்டு, இது மூன்று. ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று அவருடைய சீஷனே மூன்று தடவை மறுதலித்தது எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு.

மறுநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்தேன். உள்பெட்டிக்குத் தனியாக ஒரு அமைப்பு, அதற்குச் சீட்டுகள், காலியாக நிற்கத் தெரிந்த இடம், எதுவும் வராவிட்டால் ‘கேட்கப்படவில்லை’ என்று அச்சாகும்படி ஒரு வரி, கோப்பைச் சோதித்து உள்ளே விடும் ஏற்பாடு. உண்மையான மாதிரியை அச்செடுத்துச் சிவப்புக் கோடு ஒவ்வொன்றாய் இழுத்தேன். திரை மாறியபின் பதிந்தவர்கள் எல்லோருக்கும் தாளை மறுபடி எடுத்துவிடுங்கள் என்று மேனேஜருக்குப் போன் செய்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என்ன மாற்றினேன் என்று குறிக்கும் இடத்தில் ‘சிறு திருத்தங்கள்’ என்று எழுதினேன்.

சார் மேஜைப் பக்கம் வந்து நின்று பார்த்தார். “என்ன வே, இன்னைக்குப் பூசை பண்ணுத மாதிரில்லா டிக் அடிக்கீரு.”

சொல்லியிருக்கலாம். அவர் அவ்வளவு பக்கத்தில் நின்றார். “ஒண்ணுமில்ல சார்” என்றேன். தோளைத் தட்டிவிட்டுப் போனார். மூன்று வருடத்துக்கு முன் அவர் காலமாகும்வரை, புதிதாக வருகிறவர்களிடம் என் கையெழுத்தைக் காட்டி, “இந்தா இப்படி இருக்கணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இசக்கியம்மாளை அந்த வாரமே வேலையைவிட்டு நிறுத்தினார்கள். சின்ன ஊர். வேறு ஆஸ்பத்திரியில் அவளை எடுக்கவில்லை. பீடி சுற்றுகிறாள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோடு இருந்துவிட்டேன். அவளுக்காக ஜெபித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் பெயரைச் சொல்லியே ஜெபித்தேன். அவளிடம் சொல்லவேண்டியதை எல்லாம் கர்த்தரிடம் சொல்லிவிட்டு எழுந்து சாப்பிடப்போனேன்.

பெனிட்டா கேட்டுவிட்டுப் போனபின் முதல் வரி எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. யாரை விட்டுவிட்டு யாருக்கு எழுதுகிறேன் என்று இருந்தது. இசக்கியம்மாள் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டு களக்காட்டுக்குப் போனேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நகல் எடுக்கிற கடை வைத்திருக்கிறாள். ஆன்லைனில் விண்ணப்பமும் போட்டுத் தருகிறாள். முடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை.

“வாங்க அண்ணாச்சி. லைஃப் சர்டிபிகேட்டா? விரல வைங்க. உயிரோட இருக்கியன்னு கவர்மெண்டுக்குச் சொல்லிருவோம்.”

சொல்ல வந்ததைத் தள்ளிவைத்தேன். பென்ஷனுக்கு அந்தச் சான்றிதழும் எனக்கு வேண்டியதுதான். விவரங்களைக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றையும் பதிந்துவிட்டு உரக்க வாசித்தாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள்.

“சரியா? தலையாட்டக்கூடாது. வாயத் தொறந்து சரின்னு சொல்லணும்.”

“சரிம்மா. எதுக்கு ரெண்டு வாட்டி?”

“அது ஒரு பழைய கதை. ஆஸ்பத்திரியில வேல பாத்தப்ப ஒருத்தருக்கு உண்டுங்கதுக்கு இல்லைன்னு போட்டுட்டேன். மனுசன் சாகப் பாத்தாரு. அதுல இருந்து ரெண்டு வாட்டி வாசிக்காம எதையும் அமுக்க மாட்டேன்.” திரையில் என் பெயரைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “நீங்க அந்தத் திருநெல்வேலி அண்ணாச்சிதானே? உங்களுக்கும் அன்னைக்கு என்னால சங்கடம்.”

அவள் என்மேல் கோபமாக இருப்பாள் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். அவள் போட்டது சரி என்று அவளுக்காவது தெரிந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதையும் அவளிடமிருந்து நான் எடுத்துவிட்டிருந்தேன்.

நின்றபடியே சொன்னேன். எதையும் சுற்றவில்லை. நீ உண்டு என்றுதான் போட்டிருந்தாய், மருந்துப் பெயரும் சரியாக இருந்தது, தாளில் இல்லை என்று வந்தது என் தப்பால், அன்று உள்ளே பார்த்துவிட்டும் தெரியவில்லை என்று பொய் சொன்னேன் என்றேன்.

வெளியே ஒருவர் நகல் எடுக்க வந்து நின்றார். அவள் எழுந்து அவருக்கு எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“அப்ப நான் போட்டிருக்கேன்.”

“போட்டிருந்தம்மா.”

“எங்கம்மா சாகும்போதுகூட, கவனமா இருந்துக்க புள்ளன்னுதான் சொல்லிட்டுப் போனா. நானும் சரின்னுதான் தலையாட்டுனேன்.”

மன்னித்துக்கொள் என்று கேட்டேன். கைகூப்பினேன் என்று நினைக்கிறேன்.

“அத அப்புறமாப் பாப்போம். மொதல்ல எழுதிக் குடுங்க. வாயால சொன்னத வச்சு நான் என்ன செய்ய? நாளைக்கு அது இல்லைன்னு ஆயிரும்.”

அடுத்த வாரம் இதுவரை எழுதியதைக் கொண்டுபோனேன். உரக்க வாசிக்கச் சொன்னாள். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். ஓரிடத்தில் ‘உண்டு என்று பதிந்திருந்ததாக நினைவு’ என்று எழுதியிருந்தேன். கையை நீட்டினாள். “நினைவுங்கத அடிங்க.” அடித்தேன். இன்னோரிடத்தில் அவளைப் பாவம் என்று எழுதியிருந்தேன். “அதையும் அடிங்க. நான் பாவமுன்னு யாருக்கும் சொல்ல வேண்டாம். நான் சரியாப் போட்டேன்னு சொல்லுங்க, போதும்.” மன்னிப்பைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அந்த வாழைத்தோட்டக்காரர் வீட்டுக்கும் போகவேண்டும். இன்னும் போகவில்லை.

அவள் தன் கடையிலேயே இதை நகல் எடுத்து, ஒன்றை மேஜைக் கண்ணாடிக்கு அடியில், வருகிறவர்கள் பக்கம் பார்த்தபடி வைத்திருக்கிறாள்.

பெனிட்டா, புதிய பிள்ளைகளுக்கு இதைக் கொடு. வாசிக்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். யாருக்காவது கொடுப்பதானால் முழுசாகக் கொடுங்கள். நீளம் என்று அசனத்தை வெட்டவேண்டாம். வயதான ஆள் என்று என் பொய்யை மெலிதாக்கவேண்டாம். இசக்கியம்மாள் என்ற பெயரை ‘ஒரு பெண் ஊழியர்’ என்று மாற்றவேண்டாம். விட்டுப்போன இடம் காலியாக நிற்காது. அதில் ‘இல்லை’ என்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.